பெரிய மாமாவை முடிக்கத் தெரிந்த டிஜே

என் கொழுந்தன் குபாத்தின் கல்யாண வரவேற்புக்கு டிஜே பிடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. மூத்த மருமகள் என்றால் எங்கள் கிர்கிஸ் ஊரான கொச்கோரில் இப்படித்தான். மாமியார் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

"பாட்டு எப்படியோ இருந்துட்டுப் போகட்டும் ஜிபார். பெரியவரு பேச்சை முடிக்கத் தெரிஞ்ச ஆளாப் பாரு."

பெரியவர் என்றால் என் மாமனாரின் அண்ணன் சாதிர்பெக், எனக்குப் பெரிய மாமா. கால்நடை டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்த்துச் சொல்ல மைக்கைப் பிடித்தால் மணமகனின் கொள்ளுத்தாத்தாவில் தொடங்குவார், அவருடைய குதிரைக்கு வருவார், அங்கிருந்து மாடுகளின் கோமாரி நோய்க்குப் போய்விடுவார். போன கல்யாணத்தில் ஐம்பத்திரண்டு நிமிஷம். சமையல்காரி அதற்குள் பெஷ்பர்மாக் என்ற கறி விருந்துக்கு மாவுப் பட்டைகளை வேகவைத்துவிட்டாள். தட்டுக்கு வந்தபோது அது கூழ்.

முதலில் பார்த்த டிஜே, விஷயத்தைக் கேட்டதும் கையெடுத்துக் கும்பிட்டான். "பெரியவங்க பேச்சை வெட்டினா அப்புறம் இந்த ஊர்ல என்னை எவன் கூப்பிடுவான்? ஆளை விடுங்கக்கா."

இரண்டாமவன் அனுபவசாலி. "ஒரு தடவை நடுவுல பாட்டுப் போட்டுப் பார்த்தேன்க்கா. மனுஷன் கோவப்படவே இல்ல. பாட்டு முடியுற வரைக்கும் சிரிச்சுக்கிட்டே நின்னாரு. அப்புறம் முதல்லேர்ந்து ஆரம்பிச்சாரு."

மூன்றாவது புருல். வார நாட்களில் ஆம்புலன்ஸ் அலுவலகத்தில் போன் எடுப்பவள், சனி ஞாயிறு டிஜே. என் புலம்பலை முழுக்கக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"வழக்கமா எப்படி முடிப்பாரு?"

"முடிச்சு யாரு பார்த்தா? யாராவது தட்டைக் கீழே போடுவாங்க, இல்லைன்னா கரண்ட் போகும்."

"அப்போ நான் அவரைப் பார்க்கணும்."

மறுநாளே கூட்டிப் போனேன். பெரிய மாமா எங்களுக்கு ரொட்டியும் பாலேடும் எடுத்து வைத்து, தேநீரைத் தானே ஊற்றினார். நான் நாசூக்காக ஆரம்பிக்கலாம் என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். புருல் நேராகவே கேட்டுவிட்டாள்.

"ஐயா, வரவேற்புல நீங்க கடைசியா என்ன சொல்லப் போறீங்க?"

"கடைசியாவா?"

"ஆமா. அதுக்கு அப்புறம் நான் பாட்டுப் போடணும்ல."

அவர் ரொட்டியைப் பிய்த்துப் பாலேட்டில் தோய்த்தார். அப்புறம் என் பக்கம் பார்க்காமல், அவளிடம் மட்டும் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"பேசும்போது ஒண்ணும் இல்லம்மா. முடிச்ச உடனே ஒரு அமைதி வரும் பாரு. இருநூறு பேரும் என்னையே பார்ப்பாங்க. கையை எங்க வைக்கிறது, எந்தப் பக்கம் நடக்கிறது, ஒண்ணும் புரியாது. அந்தப் பயத்துலயே இன்னொரு விஷயத்தை ஆரம்பிச்சிடுவேன்."

பதினேழு வருஷமாக அந்த வீட்டு மருமகள் நான். அவருடைய நீண்ட பேச்சை ஆணவம் என்று நினைத்திருந்தேன். சாப்பாடு ஆறும்போதெல்லாம் மனதுக்குள் அவரைத் திட்டியிருக்கிறேன்.

புருல் சிரிக்கவில்லை. "போன்லயும் அப்படித்தான் ஐயா. பயந்தவங்கதான் நிறுத்தாமப் பேசுவாங்க. நீங்க ஒண்ணு பண்ணுங்க. போதும்னு தோணுச்சா, தொப்பியைத் தொடுங்க. அமைதியே வராது. அந்த நிமிஷமே பாட்டு வரும், எல்லாரும் எழுந்திருச்சிடுவாங்க. உங்களை யாரும் பார்க்க மாட்டாங்க."

"தொப்பியைத் தொட்டாப் போதுமா?"

"போதும்."

அவர் தன் வெள்ளைக் கம்பளித் தொப்பியை இரண்டு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார், ஒத்திகை மாதிரி.

சனிக்கிழமை மத்தியானம் மண்டபம் நிரம்பி வழிந்தது. பெரிய மாமா மைக்கை வாங்கியதும் எங்கள் பக்கத்து ஆட்கள் நாற்காலியில் சாய்ந்து வசதியாக உட்கார்ந்துகொண்டார்கள். ஒருவர் கோட்டைக்கூடக் கழற்றினார். கொள்ளுத்தாத்தா வந்தார், குதிரை வந்தது. அப்புறம் மாமா குபாத்தையும் பெண்ணையும் பார்த்து, "சண்டை போட்டா அன்னைக்கே போட்டு முடிச்சிடுங்க, மறுநாளைக்கு வைக்காதீங்க" என்றார். தொப்பியைத் தொட்டார்.

பாட்டு வெடித்தது.

மொத்தப் பேச்சே ஒன்பது நிமிஷம்! நம்ப முடியாமல் யாரும் எழுந்திருக்கவில்லை. மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஜிபார், அவருக்கு உடம்புக்கு என்னவோ ஆயிடுச்சு. பிரஷர் மாத்திரை யார்கிட்ட இருக்கு?"

"நல்லாத்தான் இருக்காரு அத்தை. பாருங்க, சிரிக்கிறாரு."

"அதான் பயமா இருக்கு!"

அதற்குள் சமையல்காரி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "அவரு பேச்சை நம்பி நாப்பது நிமிஷம் கணக்கு வச்சிருந்தேன்! கறியே இன்னும் வேகல. இப்போ நான் எதைப் போடுறது?"

நேரத்தை ஓட்டியாக வேண்டும். பெண்ணின் அப்பாவிடம் மைக்கைக் கொடுத்தேன். தலாஸ் என்ற ஊரிலிருந்து வந்த அந்தச் சம்பந்தி நிதானமான மனிதர். நிதானமாகவே தன் ஊர் அவரைக்காயைப் பற்றித் தொடங்கி, மழை, வாய்க்கால், விலை என்று போய்க்கொண்டிருந்தார். மண்டபத்தில் புழுக்கம். பெரிய மாமா நெற்றி வியர்வையைத் துடைக்கத் தொப்பியைக் கொஞ்சம் தூக்கினார்.

பாட்டு மறுபடி வெடித்தது.

சம்பந்தியின் வாய் திறந்தபடியே நின்றது. புருல் பாய்ந்து நிறுத்திவிட்டாள். ஆனால் பெண் வீட்டார் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எங்கள் பக்கம் திரும்பிவிட்டார்கள். பெண்ணின் சித்தி ஒருத்தி சத்தமாகவே கேட்டாள். "எங்க ஆளு பேசினா மட்டும் உங்களுக்குக் கசக்குதோ?"

புருலின் முகம் வெளுத்துவிட்டது. பழியை ஏற்க நான் எழுந்தேன். பெரிய மாமா எனக்கு முன்னால் நடந்துபோய்ச் சம்பந்தியின் பக்கத்தில் நின்று மைக்கைக் கேட்டு வாங்கினார்.

"அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல. எனக்குப் பேச்சை முடிக்கத் தெரியாது. தொப்பியைத் தொட்டா பாட்டுப் போட்டுக் காப்பாத்துறேன்னு சொன்னா. இப்போ வேர்த்துச்சு, தொட்டுட்டேன். சம்பந்தி மன்னிக்கணும்."

அவர் பயந்த அதே அமைதி. அவர் கைகள் எங்கே போவதென்று தெரியாமல் கோட்டுப் பொத்தானைத் திருகின.

சம்பந்தி மைக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு மைக்குக்குள் பெருமூச்சு விட்டார். "நான் ஏன் அவரைக்காயைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தேன்னு நினைக்கிறீங்க? எனக்கும் முடிக்கத் தெரியல. எவனாவது நிறுத்த மாட்டானான்னுதான் பார்த்துக்கிட்டிருந்தேன்."

முதலில் சிரித்தது அந்தச் சித்திதான். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. புருல் வேகமான மெட்டு ஒன்றைப் போட்டாள். இரண்டு கிழவர்களும் தோளைக் குலுக்கி ஆடத் தொடங்கினார்கள். தாளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே இல்லை. மாமியார் மாத்திரையை மறந்து தானும் இறங்கிவிட்டார்.

கறி வெந்து வர முக்கால் மணி நேரம் ஆனது. ஒருவரும் கேட்கவில்லை. தட்டுகள் வந்தபோது, மரியாதைக்குரியவர்களுக்குக் கொடுக்கும், கறி நிறைந்த தொடை எலும்பு ஒன்றை மாமியார் தனியாக எடுத்துக்கொண்டு புருலிடம் போனார். அவள் நின்றபடியே தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"உக்காந்து சாப்பிடும்மா."

"பாட்டை யாரும்மா பார்க்கிறது?"

"அவங்க ஆடுற ஆட்டத்துக்கு எந்தப் பாட்டு ஓடினா என்ன? உக்காரு, கறி ஆறுது."

புருல் ஒலிபெருக்கியின் மேலேயே உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, எலும்பை இரண்டு கையாலும் பிடித்தாள்.