சிவப்பில் கை வைக்காதவர்கள்

செம்மங்குப்பத்துச் சாயக் கம்பெனி கேட்டில் காலை ஆறு மணிக்கு மூட்டை தூக்கும் ஆட்கள் முப்பத்தெட்டுப் பேர் நின்றார்கள். உள்ளே விடவில்லை.

"நேத்து நீங்க யாரும் வெளில போவலன்னு காட்டுதுய்யா," என்று சூப்பர்வைசர் ராஜவேல் கையிலிருந்த டேப்லெட் திரையைத் திருப்பிக் காட்டினான். "உள்ள இருக்கறவன மறுபடி எப்பிடி உள்ள விடறது?"

"அப்ப இங்க நிக்கிறது என் ஆவியா?" என்றார் முன்னால் நின்ற லூர்துநாதன்.

சிரிக்க யாருக்கும் தெம்பில்லை. எட்டு மணிக்குள் சரியாகாவிட்டால் வேறு ஆட்களை இறக்கிவிடுவார்கள். அப்புறம் இவர்களுக்கு வேலை கிடையாது.

வருகைப் பதிவில் நேற்றுதான் புதிதாக ஒரு பக்கம் சேர்த்திருந்தார்கள். வேலை விட்டுப் போகும்போது அதில் ஒரு பட்டனை அழுத்த வேண்டும். ஐம்பது வயதுக்கு மேல் எழுத்துப் படித்த லூர்துநாதன் 'வேலை முடிந்தது' என்று கூட்டி வாசித்தும்விட்டார். ஆனால் பட்டன் சிவப்பு. அந்தக் கம்பெனிக்குள் சிவப்பு என்றால் மிஷினை நிறுத்தும் பட்டன். தவறி முதுகு பட்டு அதை அழுத்திவிட்ட ஞானசேகரனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியதை எல்லோரும் பார்த்தவர்கள். கை போகுமா? நேற்று யாரும் அழுத்தாமலே வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அந்தப் பக்கத்தைச் செய்தவள் லூர்துநாதனின் தங்கை மகள் மேரி ஷாலினி. சிதம்பரத்தில் வேலை. ஏழு மணிக்குத்தான் போனை எடுத்தாள்.

"அது ரெடிமேடு பட்டன் மாமா. ஒருவாட்டி செஞ்சு வெச்சிட்டு, எந்தப் பக்கம் கட்டுனாலும் அதையே எடுத்துப் போட்டுக்குவோம்."

"செத்தாலும் செவப்பத் தொடமாட்டானுங்க பாப்பா."

"சரி, நீலமாக்கிடறேன். அந்த மூலப் பட்டன்ல மாத்துனா எல்லாப் பக்கத்துலயும் மாறிடும். ரெண்டே நிமிசம்."

குந்தியிருந்த லூர்துநாதன் எழுந்துவிட்டார். "எல்லாத்துலயுமா? கேஸ் கசிஞ்சா அமுக்கச் சொல்லி ஒரு பக்கம் காட்டுனாங்களே, அதுவும் நீலமாவுமா?"

மறுமுனையில் கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது.

"மாதாவே! அதுவும் இதே பட்டன்தான் மாமா."

"அப்ப அதுல கை வெக்காத. எங்களுக்குத் தனியா ஒண்ணு செய்யி."

"அரமணி ஆவுமே."

"ஆவட்டும். நிக்கிறோம்."

ஏழே முக்காலுக்கு நீலப் பட்டன் வந்தது. முப்பத்தெட்டுப் பேரும் வரிசையில் வந்து நேற்றைய வேலையை முடித்தார்கள். லூர்துநாதன் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு அழுத்தினார்.

"ம், உள்ள போ," என்றான் ராஜவேல்.

"நேத்து முடிஞ்சு ஒரு நிமிசங்கூட ஆவலியேப்பா," என்றபடி துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு மூட்டைப் பக்கம் நடந்தார்.