மாமன் வீட்டுக் குளிர்

மார்ச் கடைசியில் குளிர்காலம் ஊரை விட்டுப் போனது. ஹீட்டர் மெக்கானிக்கின் வீட்டை விட்டு மட்டும் போகவில்லை. எதிர்வீட்டு மாடியில் துணி ஒரு மணி நேரத்தில் காய்ந்தது. இவர் கொடியில் போட்ட சட்டை பலகை மாதிரி விறைத்து நின்றது. மே மாத நடுப்பகலிலும் அவர் கூரையில் பனி விழுந்து, வாசற்படியோடு நின்றுகொண்டது.

அதற்கு முந்தைய ஜனவரியில் அவருடைய அக்கா போன் செய்திருந்தாள். நாலு தெரு தள்ளித் தனியாக இருந்தாள். தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவள்.

"ஹீட்டர் நின்னு போச்சுடா. ஒரு எட்டு வந்து பாரு."

சீசனில் அவருக்கு மூச்சுவிட நேரமில்லை. கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் போனார், கொடுத்த டீயையெல்லாம் குடித்தார். அக்காதானே, கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று அவளைக் கடைசியில் வைத்தார். இரண்டாம் முறை கேட்டபோது நாளைக்கு என்றார். மூன்றாம் முறை அவள் கேட்கவில்லை. நாலாம் நாள் போனபோது மூன்று போர்வைக்குள் கிடந்தாள். நெஞ்சில் சளி கட்டியிருந்தது. ஹீட்டருக்குள் ஒரு ஒயர் கழன்றிருந்தது, அவ்வளவுதான். பத்து நிமிஷ வேலை. ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியில் அக்கா போய்விட்டாள்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அப்படித் தன் வீட்டில் மூன்று ஹீட்டர் வைத்தார். மூன்றும் நன்றாகவே எரிந்தன, குளிர்தான் அசையவில்லை. அக்கம்பக்கத்தார் கொஞ்ச நாள் வேடிக்கை பார்த்தார்கள், பிறகு கோடையில் கெட்டுப்போகாமலிருக்கப் பாலையும் மீனையும் கொண்டுவந்து வைத்துப் போனார்கள். ஆறு வருஷம் ஓடியது. யார் கூப்பிட்டாலும் மெக்கானிக் அன்றே போனார். அப்படியும் வீட்டில் ஒரு டிகிரிகூட ஏறவில்லை.

ஏழாம் வருஷம் ஜூனில் அக்கா மகள் வந்தாள். வெளியூரில் வேலை பார்த்தவள். அம்மா செத்ததிலிருந்து அவரோடு பேசாதவள். வாசல் பனியைக் காலால் ஒதுக்கிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

"அன்னிக்கே நான் வந்திருந்தா..." என்று ஆரம்பித்து அவர் நிறுத்திக்கொண்டார்.

"வந்திருக்கணும் மாமா. நீங்க வரல. அதை இல்லேன்னு நான் சொல்ல மாட்டேன்."

ஆறு வருஷமாக எல்லோரும் அவரிடம் விதி என்றே சொல்லியிருந்தார்கள். அவர் எழுந்துபோய்த் தன் கம்பளியைக் கொண்டுவந்து அவள் தோளில் போர்த்தினார். குளிர் குறையவில்லை. இருவரும் சாயங்காலம்வரை அக்காவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இந்த ஊருக்கே மாற்றலாகி வந்தபின் அவள் ஞாயிறு தவறாமல் வருகிறாள். கொளுத்தும் வெயிலில் ஒரு பெண் கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டோடு தெருவில் நடந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மாமன் வீட்டுக்குப் போகிறாள்.