நாலு ரீம் குறைவு

ஆஜராயிருந்தவர்கள்: காகிதக் கட்டுப்பாட்டு இன்ஸ்பெக்டர் நயினார், அவருடைய டவாலி, அச்சகச் சொந்தக்காரர் இசக்கியப்பன், அச்செழுத்துக் கோக்கும் தனராஜ், சாட்சிக்கு, எதிர்ச்சாரியில் காகிதக் கடை வைத்திருக்கும் மக்தூம். திங்கட்கிழமைச் சோதனையின் மகஜரில் நயினார் இப்படித்தான் எழுதினார். சோற்று வாளியோடு வந்து கதவோரம் நின்ற இசக்கியப்பனின் மனைவி செல்லக்கிளியை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

யுத்தம் முடியாத நாற்பத்து நாலாம் வருஷம். தூத்துக்குடியில் அரிசிகூட எப்படியோ கிடைத்தது, காகிதம் கிடைக்கவில்லை. அச்சகத்துக்குக் கோட்டா இத்தனை ரீம் என்று சர்க்கார் அளந்து கொடுத்தது. வாங்கிய தாள் எந்த வேலைக்குப் போனது என்று அன்றன்றைக்கு ஸ்டாக் புத்தகத்தில் எழுதியாக வேண்டும்.

இசக்கியப்பனுக்குக் கை ஓடுவது மரக்கட்டையில். நாடக நோட்டீசுக்கு அவர் செதுக்கிய மயிலையும் கப்பலையும் பார்த்து மதுரையிலிருந்துகூட ஆள் வந்ததுண்டு. கணக்கு என்றால் ஞாயிற்றுக்கிழமை பல்வலி மாதிரி. ஆனாலும் எழுதினார். திருட்டுக் கணக்கு எழுதத் தெரியாத மனுஷன்.

நயினார் கூட்டிப் பார்த்தார். நாலு மாதத்தில் வாங்கியது பதினாலு ரீம். கணக்கில் செலவு ஒன்பது. பலகையில் இருப்பது ஒன்று.

“நாலு ரீம் எங்கவே?” என்றார்.

இசக்கியப்பனுக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. சாவு வேலையை அச்சகத்தில் யாரும் கணக்கில் ஏற்றுவதில்லை. ‘லாபம்’ என்று முதல் வரி எழுதித் தொடங்கிய புத்தகத்தில் கருமாதிப் பத்திரிகையை எழுதினால் அடுத்த பத்திரிகை எழுதினவன் வீட்டுக்குத்தான் என்பார்கள். அந்தக் காசு பெட்டியில் விழாது. ஒரு தகரடப்பாவில் போட்டு மைக்கும் மண்ணெண்ணெய்க்கும் அன்றைக்கே தீர்த்துவிடுவார்கள். வழக்கமாக மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ வரும். போன நாலு மாதம் ஊரில் காலரா. ஒரு தாளில் நாலு பத்திரிகை. ஒரு சாவுக்கு இருநூறு பத்திரிகை, ஐம்பது தாள். நாலு ரீம் என்றால் இரண்டாயிரம் தாள். முப்பத்தெட்டு சாவுக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரம். மீதி நூறு தாள் மை பார்த்ததில் கெட்டது. கணக்கு மனசுக்குள் கச்சிதமாக நின்றது. புத்தகத்தில் ஒரு வரி இல்லை.

சொன்னார். நயினார் நம்பவில்லை. காகிதத்தைக் கள்ள விலைக்குத் தள்ளிவிட்டுப் பிணத்தின்மேல் பழி போடுவதாகச் சொன்னார். புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்புப் பென்சிலால் கையெழுத்துப் போட்டார், இனி இடையில் எதையும் செருக முடியாதபடி. வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் ருசு காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அச்சகத்துக்குச் சீல், பதுக்கி விற்றதாக வழக்கு, ஜெயில்.

ருசு என்ன இருக்கிறது? அச்சகத்தில் சாவுப் பத்திரிகையின் மாதிரியை வைத்துக்கொள்வதில்லை. இசக்கியப்பன் அச்சடித்துக் கொடுத்த வீடுகளுக்குப் போனார். முதல் வீட்டு அம்மாள் பொறுமையாகத்தான் பேசினாள்.

“அதை யாரு அண்ணாச்சி வீட்டுல வச்சிருப்பா? படிச்ச கையோட வாசல்லயே கிழிச்சுப் போட்டாச்சு.”

இரண்டாவது வீட்டில் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. நல்ல காரியத்துக்கு நடுவே கருமாதிப் பத்திரிகை கேட்டு வந்தவரைச் செருப்பைத் தூக்கித் துரத்தினார்கள். இத்தனை தாள் அடித்தோம் என்று எழுதிக் கையெழுத்தாவது போடுங்கள் என்று மற்ற வீடுகளில் கெஞ்சினார். சர்க்கார் காகிதம் என்றதும் எல்லாருக்கும் எழுத்து மறந்துபோனது. செவ்வாயும் புதனும் இப்படியே போயின.

புதன் சாயங்காலம் மக்தூமிடம் போனார். நாலு ரீம் திரும்ப வந்ததாக ஒரு சீட்டு எழுதித் தர முடியுமா என்று கேட்டார். கேட்கும்போதே அவருக்கு வெட்கமாக இருந்தது.

“என் கடையிலயும் எண்ணுவான் அண்ணாச்சி,” என்றார் மக்தூம். “எனக்கு அஞ்சு பொம்பளப் புள்ளைவோ.”

இசக்கியப்பன் தெருவைக் கடந்து அச்சகத்துக்குத் திரும்பினார்.

தனராஜுக்குத்தான் ஒரு யோசனை தோன்றியது. அவன் நாசரேத்துக்காரன், கிறிஸ்தவன். வேதக்காரர்கள் சிலர் கிழிப்பதில்லை, வேதப்புத்தகத்துக்குள் வைப்பார்கள் என்றான். வியாழன் காலையில், பக்கத்துக் கிராமமான புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போனான். கிருபை என்ற டீச்சர். புருஷன் காலராவில் போனவர். அவள் வேதப்புத்தகத்தைத் திறந்து கறுப்புக் கரை போட்ட தாளை எடுத்தாள். அடியில் இசக்கியப்பன் அச்சகத்தின் பெயர் இருந்தது.

“அவுக பேரு அச்சுல வந்தது இது ஒண்ணுதான்,” என்றாள். “பொழுதடையக் கொண்டாந்து குடுத்துருங்க.”

கொடுத்துவிடுகிறேன் என்று இசக்கியப்பன் சத்தியம் செய்தார்.

மத்தியானம் அச்சகத்தில் நயினார் அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இது ஐம்பது தாளுக்கு ஆச்சு. மிச்சத்துக்கு ஒரு ஊரே செத்திருக்கணுமேவே.”

“செத்துச்சுய்யா. நீங்க அப்பம் திருநெவேலியில இருந்திய.”

நயினார் முகம் கொஞ்சம் இளகினது போலிருந்தது. புத்தகத்தைத் திருப்பி நீட்டினார். செத்தவர் பெயர், தெரு, தேதி, தாள் எண்ணிக்கை எல்லாவற்றையும் ஞாபகத்திலிருந்து கடைசிப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். முனிசிபாலிடி பதிவோடு ஒத்துப் பார்க்கலாம் என்றார்.

இசக்கியப்பன் பேனாவைத் தொட்டதும், அன்றைக்கும் சோறு கொண்டுவந்து கதவோரம் நின்ற செல்லக்கிளி வாளியைக் கீழே வைத்தாள்.

“அதுல எழுதாதிய. மாசமா இருக்கேன்லா.”

மூன்று முறை கலைந்து நாலாவதாகத் தங்கிய கர்ப்பம். ஏழு மாதம். இசக்கியப்பன் அவளைப் பார்க்காமல், கெஞ்சுகிற குரலில் சொன்னார்: “ஜெயிலுக்குப் போனா உனக்கு ஆரு கஞ்சி ஊத்துவா?”

எழுதினார். கை பழக்கத்தில் முதலில் பிள்ளையார் சுழி போட்டது. அதன் கீழே முதல் பிணத்தை எழுதினார். ஒரு மணி நேரம் ஆயிற்று. முப்பத்தேழு பேர் வந்தார்கள். முப்பத்தெட்டாவது ஆள் வரவில்லை. தனராஜிடம் கேட்டார், அவனுக்கும் வரவில்லை. யாரோ ஒருவர் செத்து, இருநூறு பேருக்குச் சொல்லியனுப்பப்பட்டு, அச்சடித்தவருக்கே மறந்துபோயிருந்தார். வந்தவரைக்கும் போதும் என்றார் நயினார். இசக்கியப்பன் கையெழுத்துப் போட்டார்.

நயினார் நிதானமாகப் படித்தார். பிறகு டவாலியிடம் முத்திரை அரக்கை உருக்கச் சொன்னார்.

“வித்ததா கேஸ் போடல. ஜெயில் இல்ல. ஆனா நாலு மாசமா கணக்கு எழுதாம காயிதத்தைச் செலவழிச்சேன்னு உம்ம கையால எழுதிக் குடுத்திருக்கீரு. கோட்டா ரத்து. கடைக்குச் சீல்.”

“நீங்கதானய்யா எழுதச் சொன்னிய.”

“நீரு எழுதினதைத்தான்வே நான் படிக்கேன்.”

மிஷினில் பாதி ஓடிய கல்யாணப் பத்திரிகை ஒன்று நின்றது. அதையாவது முடித்துக் கொடுக்கிறேன் என்று இசக்கியப்பன் கேட்டார். முடியாது என்றார் நயினார். செதுக்கிய கட்டைகளை எடுத்துக்கொள்கிறேன் என்றார். மகஜரில் சேர்ந்துவிட்டது, தொடக்கூடாது என்றார் நயினார். கடைசியில் இசக்கியப்பன் கிருபை டீச்சரின் தாளைக் கேட்டார். அது ஃபைலில் குண்டூசி குத்தி ஏறியிருந்தது.

“அந்தம்மா பொழுதடையக் கேட்டிருக்காவ.”

“ரிக்கார்டு. மனுப் போட்டு வாங்கச் சொல்லும்.”

தனராஜ் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். செல்லக்கிளி வயிற்றில் ஒரு கையும் கதவு நிலையில் ஒரு கையுமாக இறங்கினாள். சோற்று வாளியை எடுக்கவில்லை, இசக்கியப்பனும் எடுக்கவில்லை. விரலில் இருந்த மையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அவர் படி இறங்கினார். தெருவில் வெயிலில் கண் கூசியது. புதுக்கோட்டைக்குப் போவதா வீட்டுக்குப் போவதா என்று அவர் நின்ற இடத்திலேயே நின்றார். பின்னால் டவாலி கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினான்.