மலை ஏறி வந்த சட்டம்

பதினெட்டு நிறையாத பெண்ணின் கல்யாணம் செல்லாது என்று தொண்ணூற்றைந்தில் கொழும்பில் மாற்றிய சட்டம், றொசல்லவுக்கு மேலே இருக்கும் மேற்பிரிவுத் தோட்டத்துக்கு இருபத்தொன்பது வருடம் கழித்து, சித்திரை மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் வந்து சேர்ந்தது. காலை ஏழரை மணி என்பார்கள். ஏழே முக்கால் என்போரும் உண்டு. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டுப் பெண்கள் கொழுந்து பறிக்கத் தேயிலை மலையில் நிரை பிடித்த நேரம். பதினெட்டுக்கு முன்னால் கழுத்து நீட்டிய நாற்பத்தொரு பேரின் தாலிகளும் தாமாக அவிழ்ந்து, தோளைத் தாண்டி, முதுகுக் கூடைக்குள் விழுந்தன. கொழுந்து நிறுக்கும்போது தண்ணீருக்குக் கழிப்பதுபோல் தாலிக்கும் கால் கிலோ கழித்தார்கள். அன்றைக்குச் சண்டை நடந்தது அதற்காகத்தான்.

தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் வீரய்யா, மனைவி சண்முகவடிவின் கழுத்தில் அன்று மாலையே மறுபடி மூன்று முடிச்சுப் போட்டான். அவிழ்ந்தது. ஏழு போட்டான். அதுவும் அவிழ்ந்தது. கம்பி சுற்றிப் பார்த்தான். கம்பி நெளிந்து விலகிக்கொண்டது. மறுநாள் இருவரும் டவுனுக்குப் போய், யாழ்ப்பாணத்துக்காரரான பதிவாளர் குணரத்தினத்தின் முன் நின்றார்கள்.

"பதினாறு வயசில முடிச்சது செல்லாது. இப்ப முப்பத்தொன்பது எண்டபடியா தாராளமா முடிக்கலாம்" என்றார் அவர். "ஆனா அம்மா, சம்மதம் எண்டு நீங்கள் உங்கட வாயால சொல்லோணும்."

இருபத்துமூன்று வருடத்தில் அவளிடம் யாரும் இதைக் கேட்டதில்லை.

"யோசிச்சுச் சொல்றேங்க சார்" என்றாள் சண்முகவடிவு.

நான்கு மாதம் யோசித்தாள். கல்யாணமாகாதவர்கள் ஒரே காம்பராவில் இருப்பது சரியில்லை என்று, வீரய்யாவை லயத்து வீட்டு வரிசையின் கடைசியில் இருந்த அவன் தம்பி செல்லசாமி வீட்டுக்கு அனுப்பினாள். அவன் தண்ணீர் சுமந்தான், விறகு பிளந்தான், ஒரு பக்கம் கருகிய ரொட்டி சுட்டுக் கொண்டுவந்தான். ஞாயிறுதோறும் முகம் மழித்து வாசலில் நின்றான். மற்ற நாற்பது வாசல்களிலும் இப்படித்தான் என்பதால் தோட்டத்துக் கடையில் சவர பிளேடு தட்டுப்பாடு வந்தது. "என்ன மாப்புள, பொண்ணு வீட்டுல இன்னும் பதில் வரலயா?" என்று செல்லசாமி தினமும் கேட்டான். வீரய்யாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

ஆடிக் கடைசியில் அவளே கூப்பிட்டாள்.

"சர்மிளாவுக்குப் பேசினத நிறுத்துங்க."

மகள் சர்மிளாவுக்குப் பதினேழு. அட்டனில் கடை வைத்திருப்பவனுக்கு ஆவணியில் கொடுப்பதாக, அவளைக் கேட்காமலே வீரய்யா பேசி முடித்திருந்தான்.

"வெத்தல மாத்தியாச்சே வடிவு. குடுத்த வாக்கு என்னாகுறது?"

"எங்கிட்ட வாக்கு வாங்கத்தான நாலு மாசமா நிக்கிறீங்க? பங்குனியில அவளுக்குப் பதினெட்டு முடியும். அப்புறம் அவகிட்டயே கேளுங்க. இப்பத்தான் கேட்டுப் பழகிட்டீங்களே."

வீரய்யா அன்றே அட்டனுக்குப் போய், வாங்கிக்கொள்ள வேண்டிய ஏச்சையெல்லாம் வாங்கிக்கொண்டு, தாம்பாளத்தைத் திருப்பிக் கொடுத்து வந்தான். அடுத்த வாரம் பதிவாளர் முன்னால் சண்முகவடிவு "சம்மதங்க" என்றாள். அவன் கையை உயர்த்துவதற்குள் சட்டைப்பையில் இருந்த தாலி எழுந்து போய் அவள் கழுத்தில் தன்னைத் தானே கட்டிக்கொண்டது. குணரத்தினம் கண்ணாடியை ஏற்றிவிட்டு, மூன்று முடிச்சு சரியா என்று பார்த்து, முத்திரை குத்தி, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மேற்பிரிவில் எட்டுப் பெண்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய தாலிகள் அரிசி டின்னில் இருக்கின்றன.