பின்கதவுக்கு ஒரு கொட்டேஷன்

குழாயோ, கூரையோ, கதவோ, எந்த வேலையானாலும் தாவூத்தின் கொட்டேஷன் ஒன்றுதான்: "பாத்துப் பண்ணிக்கலாங்க." அதை நம்பியே குன்னூரில் பாதி வீடுகளுக்கு வேலை செய்திருக்கிறார். அதில் பாதிப்பேர் இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

அப்படிப்பட்டவரிடம் போய் அஸ்வந்த் சென்னையிலிருந்து எழுத்தில் கேட்டுவிட்டான். அப்பா மயில்சாமி வீட்டுப் பின்கதவைக் கழற்றிவிட்டு, ஈரத்துக்கு உப்பாத யுபிவிசி பிளாஸ்டிக் கதவு போட வேண்டுமாம். "எது சேரும், எது சேராதுன்னு தெளிவா வேணுங்க பாய். இன்னும் ரெண்டு பேர்கிட்டயும் கேட்டிருக்கேன்."

தாவூத்துக்குக் கவலையாகிவிட்டது. வேலை கைவிட்டுப் போய்விடுமே என்றல்ல, கிடைத்துவிட்டால் என்ன செய்வது என்று.

அந்தப் பழைய சில்வர் ஓக் கதவு ஐப்பசி மழையில் உப்பிச் சிக்கும். தாவூத் போய் இழைப்புளியால் ஓரத்தைச் சீவுவார். மாசி வெயிலில் சுருங்கி இடுக்கு விடும். சீவிய இடத்திலேயே ஒரு மெல்லிய ரீப்பர் கட்டையை வைத்து அடிப்பார். அடுத்த ஐப்பசியில் அந்தக் கட்டையைச் சீவ வேண்டும். ஒரே கதவை இருபது வருஷத்துக்கு மேல் தேய்த்துத் தேய்த்து வளர்த்த வேலைக்காரன் நீலகிரியில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

மயில்சாமிக்கு இது தெரியாமலில்லை. டீ ஃபேக்டரி ஆபீசில் கிளார்க்காக இருந்தவர். கதவுக்குப் பத்து நிமிஷம், டீக்கும் வர்க்கிக்கும் பேச்சுக்கும் பொழுது சாயும்வரை. மழை பிந்திய வருஷங்களில் அவர் மனைவி ஆண்டாயி ஈரச் சாக்கைக் கதவடியில் போட்டு வைப்பார். "கதவு சிக்குனாத்தானுங்க பாய் நம்மூட்டுப் பக்கம் வருவாரு" என்று, பக்கத்து வீடுவரை கேட்கும்படி சிரிப்பார். ஆண்டாயி போய்ச்சேர்ந்து இரண்டு ஐப்பசி ஆகிவிட்டது. இப்போது சாக்கை மயில்சாமியே போடுகிறார், ஒழுங்காக மடிக்கத் தெரியாமல்.

விலையை ஏற்றிப் போட்டு வேலையைத் தட்டிக்கழித்துவிடலாமா என்று தாவூத்துக்குத் தோன்றத்தான் செய்தது. ஆனால் போன மாதம் சிக்கிய கதவைத் தோளால் இடித்துத் திறக்கப்போய், மயில்சாமிக்குத் தோள்பட்டை பிசகியிருந்தது. கையை மார்போடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதரை நினைத்துக்கொண்டு நியாயமாகவே எழுதினார்.

'சேருபவை: கதவு, நிலை, தாழ்ப்பாள், கோயமுத்தூரிலிருந்து வண்டி வாடகை, பழைய கதவைக் கழற்றி எடுப்பது, மாட்டும் கூலி. மொத்தம் பதினாறாயிரத்து ஐந்நூறு. இரண்டு நாள் வேலை. சேராதவை: சுவர் உதிர்ந்தால் பூசும் செலவு.'

அதோடு நிறுத்தியிருக்கலாம். பேனா நிற்கவில்லை.

'உத்தரவாதம்: ஐப்பசியிலும் மாசியிலும் நேரில் வந்து கதவைப் பார்வையிடுதல். கட்டணம் இல்லை. டீ, வர்க்கி வீட்டுக்காரர் பொறுப்பு.'

படமெடுத்து அஸ்வந்துக்கு அனுப்பிவிட்டு, காகிதத்தோடு மயில்சாமி வீட்டுக்குப் போனார். போய் உட்காரும்போதே போன் வந்தது. மயில்சாமி ஸ்பீக்கரில் போட்டார்.

"விலை பரவால்லைங்கப்பா. ஆனா யுபிவிசி கதவுல வருஷா வருஷம் பாக்கறதுக்கு என்ன இருக்கு? மத்த ரெண்டு பேரும் அப்படி ஒண்ணும் போடலையே."

தாவூத் போன் பக்கம் குனிந்தார். "அது வந்து தம்பி... பாத்து..."

"உனக்கு இந்த ஊருக் குளிரு மறந்துபோச்சு கண்ணு" என்றார் மயில்சாமி. "இரு, நான் பாக்கறேன்."

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். கட்டாத கையால் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, கடைசி வரியில் 'ஐப்பசியிலும் மாசியிலும்' என்பதை அடித்தார். தாவூத் தலையைக் குனிந்துகொண்டார். அடித்ததற்கு மேலே மயில்சாமி 'மாதாமாதம்' என்று எழுதி, ஆபீசில் திருத்தம் போட்ட பழக்கத்தில் பக்கத்தில் சின்னதாக ஒரு கையெழுத்தும் போட்டார்.

"ஒரு திருத்தம் பண்ணியிருக்கேன் கண்ணு. இனிச் சரியா இருக்குது."

"சரிங்கப்பா. பாய்கிட்டயே குடுத்துருங்க" என்றான் அஸ்வந்த்.

தாவூத் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"எங்கீங்க கெளம்பறீங்க?" என்றார் மயில்சாமி. "உக்காருங்க. டீ என் பொறுப்புன்னு நீங்கதான எழுதியிருக்கீங்க."