இரண்டு லிக்கெங்கேக்கள்

“அக்கா, நீங்க கையப் புடிச்சு இழுத்துட்டு வந்தது என் ஆளு!”

“ரெண்டும் ஒரே ஆளுதானடி, எதக் கூட்டிட்டு வந்தா—”

“அப்ப உங்க வீட்டுல இருந்ததையே வச்சுக்கறதுதானே!”

1964-இல் ஸ்டான்லிவில்லில் கலகக்காரர்களின் மக்கள் குடியரசு பிறந்த அன்று முரசடிக்கும் லிக்கெங்கே இரண்டு பேரானார். ‘இனி எல்லாம் எல்லாருக்கும் சமம்’ என்ற ஆணையைக் காங்கோ ஆற்றங்கரை ஊர்களுக்கு மரமுரசில் சொன்னவர் அவர்தான். அடித்து முடித்தபோது முரசுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்றார்கள். அதிகாரிகள் இருவருக்கும் கட்சி அட்டை கொடுத்தார்கள். ஒருவர் மூத்த மனைவி பொலும்புவின் வீட்டுக்குப் போனார், மற்றவர் அடுத்த வீட்டிலிருந்த இளைய மனைவி அசுமினியிடம். ஒருவருக்கு முரசின் கனத்த குரல் மட்டும் தெரியும், மற்றவருக்கு மெல்லிய குரல் மட்டும். இரண்டு குரலும் கலந்தால்தான் முரசு பேசும் என்பதால் ஆணை சொல்ல இருவருமே வேண்டியிருந்தது.

எட்டு வருடமாக வாரம் மாற்றி வாரம் புருஷனைப் பங்கு போட்டவள் பொலும்பு. இப்போது முழுசாக ஒருவர் கிடைத்தும் வயிறு எரிந்தது. அவள் வீட்டு லிக்கெங்கே பனையெண்ணெயில் வெந்த மீனைத் தின்றுவிட்டு, எப்போதும்போல் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார். சுவருக்கு அந்தப் பக்கத்தவரோ சிரித்துக்கொண்டே இருப்பார்.

“எனக்குன்னு பாத்துப் பழசக் குடுத்திருக்காங்க. எங்க, ஒரு தடவ சிரிங்க பாப்போம்,” என்றாள். அவர் முயன்றார். இருமல்தான் வந்தது.

அதனால்தான் ஒருநாள் காலை படகுத்துறையில் தன்னவரை விட்டுவிட்டு, சிரிக்கிறவரை இழுத்து வந்தாள். அசுமினி வாசல்வரை வந்து கத்திவிட்டு, துறையில் மிச்சமிருந்தவரை அழைத்துப் போனாள். வந்தவர் பொலும்புவின் மீனைத் தின்றார், வாயைத் துடைத்தார், பேசாமல் உட்கார்ந்தார். சற்றைக்கெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அதே சிரிப்பு கேட்டது. அன்று பொலும்பு சாப்பிடவில்லை.

மூன்றாம் மாதம் வானத்திலிருந்து சிப்பாய்கள் குடை விரித்து இறங்கினார்கள். குடியரசு முடிந்தது. புகை அடங்கியதும் இரண்டு பெண்களும் முரசுக்கு ஓடினார்கள். ஒரே ஒரு லிக்கெங்கே, இரண்டு குரலிலும் அடித்துக்கொண்டிருந்தார். அவரில் எந்தப் பாதி யாருடையது என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. வாரமுறை மறுபடி தொடங்கியது.

முதல் வாரம் மூத்தவளுக்கு. அவரை அழைத்துப் போகும் வழியில் பொலும்பு நின்றாள்.

“அந்தச் சிரிப்பையும் எடுத்துக்கிட்டுத்தானே வர்றீங்க?”