பொருந்தாத சக்கரம்

“கொஞ்சம் தள்ளிக்குங்க, தள்ளிக்குங்க” என்று சொல்லிக்கொண்டே இரண்டு பேர் கூடத்து நடுவிலிருந்து சைக்கிளைத் தூக்கினார்கள். ஒருவர் மாடிவீட்டுக்காரர். சைக்கிள் என்றால் இவ்வளவு கனம் இருக்கும் என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டு, தம் பிடித்துத் தூக்கியவர், அது சும்மா மேலே வந்துவிட்டதில் ஓரடி பின்னால் போய்ச் சுவரில் இடித்துக்கொண்டார்.

“என்னங்க, வெயிட்டே இல்ல?”

“அதுல சக்கரம் இல்லீங்க” என்றார் சர்வேயர்.

அப்போதுதான் மாடிவீட்டுக்காரர் குனிந்து பார்த்தார். முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. சங்கிலி மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. துக்க வீட்டில் அதற்கு மேல் கேட்கக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, பேசாமல் பின் அறைக்குக் கொண்டுபோய்விட்டார். அந்த இடத்தைத் துடைத்து, பெஞ்சு போட்டு, படுக்கையறையிலிருந்து சர்வேயரின் மனைவியைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். மின்விசிறிக்கு நேர் கீழே நாலு பேர் சுற்றி நிற்கத் தோதான இடம் அந்தக் கூடத்தில் அது ஒன்றுதான்.

விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டாள். எலும்பில் வந்த புற்றுநோய். கடைசி மாதம் முழுக்க, விழுந்துவிடக் கூடாது, இடறிவிடக் கூடாது என்று குளியலறையில் ரப்பர் விரிப்பு, கட்டிலுக்கு இரண்டு பக்கமும் தலையணை என்று சர்வேயர் செய்யாத ஏற்பாடு இல்லை. பலனும் கிடைத்தது. ஓர் எலும்பு முறியவில்லை. அவர் காப்பாற்றிய எலும்புகள் அத்தனையும் முழுசாக அந்தப் பெஞ்சில் கிடந்தன.

வருகிறவர்களுக்கெல்லாம் நாற்காலி காட்டி, தண்ணீர் கொடுத்து, விஷயத்தைச் சொல்லும் வேலையைக் கொழுந்தியாள் எடுத்துக்கொண்டிருந்தாள். அழுதபடியே நிறுத்தாமல் பேசக்கூடியவள்.

“எங்கத்தான் மாதிரி ஒரு மனுஷன் கிடைக்கணுமே! அக்கா நிக்கவே முடியாம இருக்கா, அந்த நேரத்துலயும் அவ சைக்கிளுக்கு நல்ல சக்கரம் வேணும்னு நாயா அலைஞ்சாரு. இருக்கறதுலயே லேசானதுதான் வேணும்னு சொல்லிட்டாரு. அது வந்து சேர்றதுக்குள்ள இவ போயிட்டா. குடுத்து வைக்கல.”

கேட்டவர்கள் சர்வேயரைப் பார்த்துத் தலையை ஆட்டினார்கள். ஒரு பெரியவர் தோளில் தட்டிக்கொடுத்தார். தட்டத் தட்ட அவர் தலை இன்னும் கீழே போனது. துக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். துக்கமும்தான்.

சக்கரம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவருடைய ஆபீஸ் ஸ்டோர் ரூமில், அளவு எடுக்கும் முக்காலிகளுக்குப் பின்னால், அட்டைப்பெட்டி பிரிக்காமல் இருந்தது.

ஆரம்பத்தில் பொய் எதுவும் இல்லை. அவள் பல் மருத்துவமனையில் உதவியாளர். நாளெல்லாம் அடுத்தவர் வாய்க்குள் விளக்கடித்துக்கொண்டு நிற்பவளுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிள் எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஏறி இறங்கினால்தான் வாரம் முடிந்ததாக அர்த்தம். அவருக்கோ சைக்கிள் ஓட்டத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் அளப்பது என்றால் உயிர். சிகிச்சை முடிந்து கால்கள் குச்சியாக வீட்டுக்கு வந்தவள், “பழைய கியர்ல இனிமே அந்த மேட்டுல ஏற முடியாது” என்றதும் உற்சாகமாக உட்கார்ந்துவிட்டார். மேட்டின் சரிவு அவருக்கு மனப்பாடம், அந்த ரோட்டை அளந்தவரே அவர்தான்.

“முன்னாடி சின்ன பல்சக்கரத்துக்கு முப்பத்திநாலு பல்லு இருக்கு. பின்னாடியும் முப்பத்திநாலு போட்டுட்டோம்னா மிதி ஒரு சுத்து, சக்கரம் ஒரு சுத்து. பொடி நடையா ஏறலாம்.”

“முப்பத்திநாலா? மனுஷனுக்கே முப்பத்திரண்டுதாங்க. அதுக்கு மேல இருந்தா முதலை.”

“பல்லு கூடினா ஏறுறது சுலபம்.”

“அப்படியா? எங்க டாக்டர்கிட்ட சொல்லி எனக்கும் ரெண்டு கூடுதலா கட்டிக்கிறேன். மாடிப்படி ஏற உதவும்.”

சக்கரத்துக்கும் இதே வாதம். ஆரக்கம்பி குறைந்தால் கனம் குறையும், ஆனால் உறுதியும் குறையும் என்று அவர் இழுத்தார். அவள் தன் மணிக்கட்டை அவர் முன்னால் நீட்டி, “இப்ப என் எடைக்கு இருபது கம்பி போதும். அதுவே அதிகம்” என்றாள். அவர் எழுந்து போய்க் குழாயைத் திறந்து முகம் கழுவிவிட்டு வந்தார். மறுநாள் பழைய சக்கரங்களைக் கழற்றிக் கடையில் மாற்றாகக் கொடுத்து, லேசானதற்குச் சொல்லிவிட்டு வந்தார். அதுவரை சுத்தம்.

அடுத்த வாரம் டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். “இன்னும் ரெண்டு மூணு வாரம் நல்லா இருப்பாங்க. அப்புறம் கஷ்டம். ஆசைப்பட்டதச் செய்ய விடுங்க.”

“சைக்கிள் ஓட்டணும்கிறா.”

“விழுந்தா எலும்பு தாங்காது. ஆனா…”

அந்த ‘ஆனா’வுக்குப் பின்னால் டாக்டர் என்ன சொன்னார் என்பது சர்வேயருக்குக் கேட்கவே இல்லை. கேட்டுக்கொள்ளவில்லை என்பதுதான் சரி. நேரே சைக்கிள் கடைக்குப் போனார். பெட்டி வந்திருந்தது. பணத்தைக் கட்டி எடுத்துக்கொண்டு, “யார் கேட்டாலும் இன்னும் வரலன்னு சொல்லுங்க” என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போகாமல் ஆபீசுக்குப் போனார்.

முகத்துக்கு நேரே “வேண்டாம்” என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் அன்று சாயங்காலமே யாரிடமாவது வண்டி இரவல் வாங்கிக்கொண்டு கிளம்பியிருப்பாள். அவருக்கு அவள் இன்னும் ஒரு வாரமாவது, ஒரு நாளாவது கூட இருக்க வேண்டும். அதற்காகத் தினமும் சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து, முப்பதா முப்பத்திநாலா என்று வராத சக்கரத்துக்குப் பல் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவள் வாசல் வரைக்கும் தானே நடந்து போன நாட்கள் அவை. பிறகு அந்த நாட்களும் போய்விட்டன.

பத்து மணி பஸ்ஸில் மகள் வந்தாள். வேறு ஊரில் வேலை. தோள்பையைக்கூடக் கழற்றாமல் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து நெடுநேரம் அழுதாள். பிறகு எழுந்து அப்பாவிடம் வந்து, அவர் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“என்னாலதான்பா.”

“என்னம்மா பேசுற?”

“என் சைக்கிள் சக்கரத்த அனுப்பட்டுமான்னு போன்ல கேட்டேன்ல? அச்சு வேற, பொருந்தாதுன்னு நீ சொன்ன. நானும் விட்டுட்டேன். அனுப்பிருக்கணும்பா. எவனாவது ஒரு மெக்கானிக் தட்டிக் கொட்டிப் பொருத்திருப்பான். அம்மா ஒரு தடவயாவது ஓட்டிருப்பா. நிஜத்தச் சொல்லவா? நீ பொருந்தாதுன்னதும் எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. கழட்டணும், பார்சல் கட்டணும், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போகணும். சோம்பேறித்தனம்பா.”

“உங்கப்பா அளவுல தப்பு சொல்ல மாட்டாரு கண்ணு” என்றாள் கொழுந்தியாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. “அவர் பொருந்தாதுன்னா பொருந்தாது. நீ மனசப் போட்டு அலட்டிக்காத.”

சர்வேயர் வாயைத் திறந்தார். யாரோ மாலையோடு உள்ளே வந்தார்கள். மூடிக்கொண்டார். ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க ஒன்பது பொய் வேண்டும் என்பார்கள். இவருக்கு அந்தக் கஷ்டம்கூட இல்லை. இவர் சொல்லாமலே மற்றவர்கள் முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மதியத்துக்குமேல் சைக்கிள் கடைக்காரர் வந்தார். முப்பது வயது இருக்கும். சட்டை மாற்றிக் கையைத் தேய்த்துக் கழுவியிருந்தார்; நக இடுக்கில் மட்டும் கருப்பு போகவில்லை. பெஞ்சருகே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, “சார், ஒரு நிமிஷம்” என்று கொல்லைப்பக்கம் கூப்பிட்டார்.

“சக்கரத்தத் திருப்பி எடுத்துக்கச் சொல்லலாம்னு இருந்தேன்” என்றார் சர்வேயர், முந்திக்கொண்டு.

“அதுக்கு வரல சார். ஒண்ணு சொல்லணும். சொல்லாமலே இருந்துடலாம்னுதான் பார்த்தேன், முடியல. அம்மா கடைக்கு வந்தாங்க.”

“எந்தக் கடைக்கு?”

“நம்ம கடைக்குத்தான். நீங்க வெளியூருக்கு அளவெடுக்கப் போயிருந்தீங்களாம். ஆட்டோ புடிச்சுத் தனியா வந்தாங்க. மூச்சு வாங்குது. ஸ்டூலப் போட்டு உட்கார வச்சேன். ‘ஏதாவது ரெண்டு பழைய சக்கரம் குடுப்பா. எவ்வளவு கனமா இருந்தாலும் பரவால்ல. தெருமுனை வரைக்கும் ஒரு தடவ போயிட்டு வந்து குடுத்துடறேன்’னாங்க.”

சர்வேயர் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நீங்க சொல்லி வச்சிருந்தீங்கல்ல சார். உங்க வண்டிக்குப் பொருந்துறது ஒண்ணும் இல்லம்மான்னு சொல்லிட்டேன். கடை பூரா சக்கரம் சார். உத்தரத்துல வரிசையா மாட்டி வச்சிருக்கேன், உங்களுக்கே தெரியும். அம்மா அண்ணாந்து பார்த்தாங்க. இந்தக் கோடியில ஆரம்பிச்சு அந்தக் கோடி வரைக்கும் ஒவ்வொண்ணா பார்த்தாங்க. அப்புறம் ‘சரிப்பா’ன்னாங்க. திட்டவே இல்ல. ஆட்டோவுல ஏறுறப்ப மட்டும், ‘நான் வந்தத சார்கிட்ட சொல்லாத, சங்கடப்படுவார்’னு சொன்னாங்க.”

அவர் போன பிறகும் சர்வேயர் அங்கேயே நின்றார். ஒரு நாளிலிருந்து அவள் “எப்பங்க வரும்?” என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். மறந்துவிட்டாள் என்று நினைத்தார். அப்பாடா என்றுகூட இருந்தது. ஆனால் பல் பேச்சை அவள் விடவில்லை. அதற்குப் பிறகு அவளேதான் ஆரம்பிப்பாள். அவர் சாயங்காலம் வந்து உட்கார்ந்து பேச்சு கிடைக்காமல் தவிக்கும்போது, “அப்புறம், முதலை என்ன சொல்லுது?” என்பாள். அவரும் சந்தோஷமாக ஆரம்பித்துவிடுவார். அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பாள். அவரை வெட்கப்படவிடாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள், கிடந்த கிடையில். அதை நினைத்ததும் தாங்க முடியாமல், குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் அழுதார்.

“கடைக்காரர் என்னப்பா சொன்னாரு?” என்று கதவருகில் மகள் கேட்டாள்.

“சும்மா. விசாரிச்சாரு.”

நாலு மணிக்கு வண்டி வந்தது. உள்ளே நடுவில் உடலை வைக்கும் பலகை, இரண்டு பக்கமும் நீள இருக்கை. மற்றவர்கள் பின்னால் வேனில் வருவதாக ஏற்பாடு. ஒரு பக்கம் மகள், எதிர்ப்பக்கம் சர்வேயர், நடுவில் அவள். கதவைச் சாத்தியதும் வெளியே இருந்த பேச்சுச் சத்தமெல்லாம் அடங்கிவிட்டது.

மகள் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். “ஒரு பார்சல்தானேப்பா” என்றாள். “பத்து நிமிஷ வேலை. நீ எவ்வளவு அலைஞ்ச, நான் அதக்கூடப் பண்ணல. இனி எந்த நாளு சைக்கிள்ல ஏறினாலும் எனக்கு இதுதான் ஞாபகம் வரும். வித்துடப் போறேன்.”

பேசாமல் இருந்துவிடலாம். கடைக்காரர் வெளியே சொல்ல மாட்டார். தெரிந்த இன்னொருத்தி காட்டிக்கொடுக்காமலே படுத்துவிட்டாள். பேசாமல் இருந்தால் இந்தப் பெண் கடைசிவரை அவர் கையை இப்படியே பிடித்துக்கொள்வாள். அவர் சுமக்க வேண்டியதை அவள் சுமந்துகொண்டு, அவருக்கே ஆறுதல் சொல்லிக்கொண்டிருப்பாள். மனைவியிடம் வாங்கியது போதாதா என்று நினைத்தார்.

“உன் சக்கரம் பொருந்தியிருக்கும்.”

“என்னப்பா?”

“ரெண்டு வண்டிக்கும் ஒரே அச்சு. அப்படியே மாட்டலாம். தெரிஞ்சுதான் பொருந்தாதுன்னு சொன்னேன்.” நிறுத்தினால் மறுபடி வராது என்று தெரிந்து வேகமாகச் சொன்னார். “புதுசும் வந்துடுச்சு. அவ நல்லா இருக்கும்போதே வந்துடுச்சு. ஆபீஸ்ல இருக்கு. அவ கடைக்கே போயிக் கேட்டிருக்கா. அங்கயும் இல்லன்னு சொல்ல வச்சது நான்தான். விழுந்துடுவாளோன்னு…”

மகள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அழுகை நின்றிருந்தது. அம்மாவின் முகத்துக்குத் திரும்பினாள். அங்கே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வண்டி பெரிய சாலைக்குத் திரும்பியது. டிரைவர் சட்டென்று பிரேக் போட, பலகை ஒரு பக்கமாக வழுக்கியது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கை நீட்டினார்கள். மகள் தன் பக்கத்து விளிம்பை இறுகப் பிடித்து, காலால் அடியில் முட்டுக்கொடுத்துக்கொண்டாள்.

“நீங்க அந்தப் பக்கம் புடிச்சுக்குங்க” என்றாள்.

அவர் பிடித்துக்கொண்டார்.